கெட்டிமேளத்துக்கு முன்னால்

என் உடம்பு முதல் தடவையாக என் பேச்சைக் கேட்காமல் போனது ஒரு குக்கர் விசிலுக்குத்தான். அடுப்படியில் நின்றிருந்தேன். விசில் அடித்ததும் கழுத்து பின்னால் வெட்டி இழுத்தது, இரண்டு காலும் மரமாக விறைத்தன, அப்படியே முன்பக்கம் சாய்ந்தேன். விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள் அல்லவா, எனக்குக் கை வரவில்லை. அடுப்பு மேடையில் இடித்து நெற்றி பிளந்தது. நினைவு மட்டும் தப்பவில்லை. நான் விழுவதை நானே பார்த்துக்கொண்டு விழுந்தேன்.

அதன் பிறகு எந்தச் சத்தத்துக்கும் இதே கதைதான். நாய் குரைத்தாலும், செல்போன் அடித்தாலும், யாராவது பின்னால் வந்து தோளைத் தொட்டாலும் வெட்டி இழுக்கும். முதுகும் தொடையும் நாளுக்கு நாள் பலகையாக இறுகின. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை.

அவிநாசிப் பக்கம் எங்கள் சனத்துக் கல்யாணங்களில் சீர்களை முன்னின்று செய்து வைப்பவளை அருமைக்காரி என்பார்கள். நான் அருமைக்காரி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எந்தச் சீருக்குப் பின்னால் எந்தச் சீர் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் மணவறைக்கு வந்தால் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். அந்தத் தை மாதம் என் தம்பி மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். தாலி ஏறும்போது கெட்டிமேளம் கொட்டும். தவிலும் நாகசுரமும் ஒரேயடியாக வெடிக்கும். தாலித் தட்டோடு நான் அங்கே சாய்ந்தால், ஆயுசுக்கும் அந்தப் பெண்ணின் தலையில் அதைக் கட்டிப் பேசுவார்கள். இதை நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பி பெண்டாட்டி வந்தாள். புருசனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவார்கள்.

"ஏனுங்க நங்கை, நீங்க எங்கியோ பயந்துட்டு வந்திருக்கறீங்க. கோயல்ல தண்ணி அடிச்சாச் செரியாப் போயிருமுங்க."

"நானா பயந்தவ? கட்டுத்தறியில நல்லபாம்பை ஒத்தையா நின்னு அடிச்சவ நானு. போய் வேற ஆளைப் பாரு."

சொன்னேனே தவிர, போனேன். தை நெருங்கிக்கொண்டிருந்தது.

பயந்தவர்களுக்கு எங்கள் ஊர் வைத்தியம் இதுதான்: பூசாரி மந்திரித்த தண்ணீரைச் சொம்பில் வைத்துக்கொண்டு, எதிர்பார்க்காத நேரத்தில் முகத்தில் சுள்ளென்று அடிப்பார். பயத்தைப் பயமே விரட்டும் என்று நம்பிக்கை. எனக்கும் அடித்தார். தலை பின்னால் போனது, தாடை பூட்டிக்கொண்டது, நெஞ்சு இரும்பாக இறுகியது.

"பயம் வெளிய வருதுங்க! இன்னொருக்கா அடிங்க!" என்றாள் தம்பி பெண்டாட்டி.

அடித்தார். மூச்சு வரவில்லை. எல்லாம் காதில் விழுகிறது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் இல்லை. மறுபடியும் சொம்பு மேலே போனதைப் பார்த்தேன். அதற்குள் எங்கள் வீட்டுக்காரர் பாய்ந்து பூசாரியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"மூச்சு நிக்குது, கண்ணு தெரியலீங்களா? அவ ஒதடு நீலமா இருக்குது!"

கோயிலுக்கு வெளியே, கார் சீட்டில் சாய்த்துக் கிடத்தியபோதுதான் நெஞ்சு மெல்ல இளகியது. அங்கிருந்து நேராகக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் ஒவ்வொரு ஹாரனுக்கும் துள்ளி விழுந்தேன். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நரம்பு டாக்டரம்மா. என் மகள் வயதுதான் இருக்கும்.

"மூக்குல லேசாத் தட்டப் போறேனுங்கம்மா," என்று சொல்லிவிட்டு, மூக்குத்தண்டில் விரல் நுனியால் தட்டினாள். தலை பின்னால் வெட்டியது. திரும்பத் திரும்பத் தட்டினாள். ஒவ்வொரு தடவையும் அதே வெட்டு.

"சாதாரணமாத் திடுக்கிடறவங்களுக்குத் தட்டத் தட்டப் பழகிரும். உங்களுக்குப் பழகவே இல்லீங்க. இது பயமில்லீங்கம்மா, நரம்புல கோளாறு."

"அதை எங்கூட்டுக்காரருக்குக் கேக்கற மாதிரி இன்னொருக்காச் சொல்லு கண்ணு," என்றேன்.

ரத்தத்தையும், முதுகுத்தண்டிலிருந்து நீரையும் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்தபோது டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள்: "நரம்புல 'ஓடு'ன்னு ஒரு சேதி போகும், 'நில்லு'ன்னு ஒரு சேதி போகும். அந்த 'நில்லு'வை வாங்கிக்கறதுக்கு நரம்புச் செல்லு மேல ஒரு வாசல் இருக்குதுங்க. கிளைசின் ரிசெப்டர்னு பேரு. நோய்க்கிருமியை அடிக்கறதுக்கு உடம்பு செய்யற ஆன்டிபாடி, ஆள் தெரியாம அந்த வாசலைப் போய் அடிக்குது."

எங்கள் வீட்டுக்காரர் யோசித்தார். "அப்ப இவளுக்கு நில்லுன்னு சொன்னாக் கேக்காதுங்களா? அது கண்ணாலம் ஆன நாள்ல இருந்தே அப்படித்தானுங்களே."

சிரித்துவிட்டேன். சிரித்ததற்கும் முதுகு பிடித்துக்கொண்டது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மூச்சுத் தசையும் இறுகினால் மெசினில் போட வேண்டியிருக்கும் என்றாள். அன்றே சேர்த்தார்கள். என் ரத்தத்தை வெளியே எடுத்து, ஆன்டிபாடி கலந்த நீரைப் பிரித்துவிட்டு, மீதியை உள்ளே அனுப்பினார்கள். பக்கத்துக் கட்டிலில் மெசின் கூவும்போதெல்லாம் கட்டிலோடு தூக்கிப் போட்டது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, அடுத்த மூச்சு வருமா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். பல நாள் கழித்து ஒரு காலையில், இடது முழங்கால் தானாக மடங்கியது. யாரிடமும் சொல்லாமல் போர்வைக்குள் மடக்கி மடக்கிப் பார்த்தேன்.

தை வந்தது. நடக்கிறேன், மாத்திரை தின்கிறேன். ஆனாலும் திடீர்ச் சத்தம் இன்னும் இழுக்கத்தான் செய்தது. தெரிந்து வருகிற சத்தம் அவ்வளவு மோசமில்லை. தம்பி பெண்டாட்டி வாசற்படியிலேயே நின்றாள்.

"நங்கை, மனசுல வச்சுக்காதீங்க. தாலித் தட்டுக்கு மட்டும் வேற ஆளு..."

"கெட்டிமேளத்துக்குக் கை காட்டறது யாரு?"

"யாராவது பெரியவங்க காட்டுவாங்க."

"தட்டையும் நானே புடிக்கறேன், கையும் நானே காட்டறேன். நான் காட்டாம ஒரு அடி உழுகக் கூடாதுன்னு தவில்காரருகிட்டச் சொல்லிப்போடு."

மணவறையில் தட்டை இடது கையில் ஏந்தி நின்றேன். மாப்பிள்ளை தாலியை எடுத்தான். பின்னால், "புடிக்கறேன் புள்ள," என்று சொல்லிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்காரர் என் இடுப்பில் கை வைத்தார். தவில்காரர் என் முகத்தையே பார்த்தார். கூட்டமும் பார்த்தது, பாதிப் பேர் நான் விழுவதைப் பார்க்க வந்தவர்கள்தான். மூச்சை இழுத்துக்கொண்டு கையை உயர்த்தி அசைத்தேன்.

மேளம் வெடித்தது. கழுத்து வெட்டியது, முழங்கால் இறுகியது, தட்டு சரிந்து மஞ்சள் அரிசி கொஞ்சம் என் காலில் கொட்டியது. மூன்று முடிச்சும் விழுந்தன.

"உடுங்க, நிக்கறேன்," என்றேன்.

அவர் விடவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை.