மாட்டாத கழுத்து வளையம்

ஆலங்குளம் பக்கம் தண்ணீர் நிறைந்த பழைய கல்குவாரியில் நானும் என் மனைவியின் தம்பியும் காற்று உருளையோடு நீரில் மூழ்கும் ஸ்கூபா பயிற்சி செய்தோம். கூட வந்தவருக்குக் காற்று தீர்ந்தால், நாம் வாயில் கவ்வி மூச்சுவிடும் நீளக் குழாய் ரெகுலேட்டரைக் கொடுத்துவிட்டு, கழுத்து வளையத்தில் தொங்கும் மாற்று ரெகுலேட்டரை நாம் கவ்விக்கொள்ள வேண்டும்.

"வளையத்த மாட்டிக்கோங்க அத்தான்" என்றான்.

"எல்லாம் தெரியும்லே" என்று மாட்டாமலே இறங்கினேன்.

ஆழத்தில், பயிற்சிக்காக, காற்றில்லை என்று சைகை காட்டினான். என்னுடையதைக் கொடுத்தேன். மாற்று ரெகுலேட்டர் முதுகுப்பக்கம் நழுவியிருந்தது, கைக்கு எட்டவில்லை. பயத்தில் அவன் வாயிலிருந்ததைப் பிடுங்கிவிட்டேன். தன்னுடையதை எடுப்பதற்குள் அவன் தண்ணீர் குடித்துவிட்டான். கரையேறி வெகுநேரம் இருமினான்.

வீட்டில் சோறு பரிமாறும்போது என் மனைவி அவனிடம், "எப்படிலே போச்சு?" என்று கேட்டாள்.

"அத்தான் நல்லாப் பாத்துக்கிட்டாக" என்றான்.

நான் தட்டிலிருந்து தலை நிமிரவே இல்லை.