வழி கேட்டவர்

ஊருக்கு, காரிமங்கலம் சந்தைக்கு வரும்போதெல்லாம் அம்மா வீட்டில் உட்கார்ந்து நான் பெங்களூரைப் பற்றி அளப்பேன். லால்பாக் கண்ணாடி மாளிகை, கப்பன் பார்க், மியூசியம், நாற்காலிக்கு மெத்தை போட்ட ஓட்டல். எட்டாவதோடு ஊரை விட்டு ஓடியவனுக்குச் சொல்ல வேறென்ன இருந்தது? உண்மையில் கப்பன் பார்க்கில் எனக்கு நன்றாகத் தெரிந்தவை பெஞ்சுகள்தான். வேலை இல்லாத நாட்களில் அவற்றில் படுத்திருக்கிறேன். மியூசியத்துக்குள் போனதே இல்லை. நான் இருந்தது சந்துக்குள் ஒரு சின்னக் கடையில், மேசை துடைக்கும் வேலையில்.

அந்த அளப்பை நம்பி அக்கா வந்துவிட்டாள். சிவாஜிநகர் மாதா கோயில் திருநாளுக்குத் தன் புருசன் ஊர்க் கூட்டத்தோடு லாரியில் வந்தவள், பூசை முடிந்ததும் என்னைத் தேடிப் பிடித்தாள்.

"நீ சொன்னதெல்லாம் காட்டுடா. சாயங்காலந்தான் லாரி."

கண்ணாடி மாளிகைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இத்தினி கண்ணாடி போட்டு உள்ள ஒண்ணுமே இல்லியே. எவன் வூடு இது?"

"யாரு வூடும் இல்லக்கா. பூ வெக்கறதுக்கு."

"பூவுக்கா! நம்மூர்ல மனுசனுக்கே ஓலதாண்டா."

இருவரும் சிரித்தோம். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு அவள், "அந்த மெத்த போட்ட ஓட்டல் எங்க?" என்றாள்.

அங்கே சர்வர் வேலை கேட்டு இரண்டு வாரமாக நடந்துகொண்டிருந்தேன். ஊர் ஆட்களைக் கூட்டிவந்து உட்கார வைப்பவனுக்கு வேலை இல்லை என்று மேனேஜர் முதல் நாளே சொல்லியிருந்தார். இருந்தும் இந்த நேரத்தில் அவர் இருக்கமாட்டார் என்று நினைத்துக் கூட்டிப்போனேன்.

அக்கா வாசல்படியிலேயே செருப்பைக் கழற்றினாள். கோயிலில் செய்வதுபோல இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு, புழுதிக் காலோடு உள்ளே போனாள். பின்னால் ஷூ போட்டு வந்த ஒரு குடும்பம் அந்தச் செருப்பைப் பார்த்து நின்றுவிட்டது. கல்லாவிலிருந்து மேனேஜர் தலையைத் தூக்கினார். அன்றைக்கென்று அவரே உட்கார்ந்திருந்தார்.

"யாரு இவரு? நிம்மவரா?" என்று கன்னடத்தில் கேட்டார். உன் ஆளா என்று.

"கொத்தில்ல சார். தாரி கேளிதரு," என்றேன். தெரியாது, வழி கேட்டாங்க என்று.

அக்கா இரண்டடி தள்ளித்தான் நின்றாள். அவளுக்குக் கன்னடம் எங்கே தெரியப்போகிறது என்ற தைரியம் எனக்கு. அவளுக்கு ஃபேமிலி ரூமைக் கை நீட்டிக் காட்டினேன், வழி சொல்கிறவன் காட்டுவதுபோலவே. அவள் போனாள். தனியாக மசால்தோசை சாப்பிட்டாள். தானே காசு கொடுத்தாள். நான் கல்லாப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். மறுநாள் முதல் வரச் சொன்னார் மேனேஜர்.

வெளியே வந்தபோது யாரோ அவள் செருப்பைக் காலால் தள்ளி, சாக்கடை ஓரத்தில் விட்டிருந்தார்கள். அவளே போய் மாட்டிக்கொண்டாள்.

"மியூசியம் போலாம்க்கா."

"வேணாண்டா. கால் வலிக்குது. லாரிகிட்ட உட்டுரு. உனுக்கு வேல கெட்டுடப் போவுது."

கால்தான் வலிக்கிறது என்று நம்பினேன். அந்த வேலையும் நான்கு மாதம்தான் நிலைத்தது.

அடுத்த வருடம் கையில் ஒன்றும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது, முதல் முறையாக அக்காவின் ஊருக்குப் போனேன். அதுவரை அவளை அம்மா வீட்டில் பார்த்ததோடு சரி, அவள் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம், அப்போது அதுவும் தருமபுரி மாவட்டம்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே காதில் விழுந்தது கன்னடம். எல்லை ஊர் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

வாசலில் அக்கா பக்கத்து வீட்டுக்காரியோடு ஏதோ கோழி விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிட நல்ல கன்னடம். நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"யாரு இவரு?"

"நன்ன தம்ம," என்றாள் அக்கா, ஒரு நொடிகூட யோசிக்காமல். என் தம்பி.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "உள்ள வாடா. களி சூடா இருக்குது. வழி கேட்டு வந்தவங்களுக்கே நாங்க சோறு போடுவம்."

அவள் முகத்தில் கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியாது. பார்க்கத் தலை நிமிரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். இரண்டு உருண்டை வைத்தாள். போதும் என்று சொல்லும் யோக்கியதை இல்லாததால் இரண்டையும் சாப்பிட்டேன்.