தராசுத் தட்டு பாய்

திருவள்ளூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் நான் கிளாசைக் கையில் வாங்கிய நேரத்தில்தான் செய்தி வந்தது. கொண்டுவந்தவன் வெங்கடேசு, நெல்லூர்ப் பக்கத்து லாரி டிரைவர். சாலையைக் கடந்து நேராக என்னிடம் வந்தான். "சார், நம்ம தராசுத் தட்டு பாய் பூட்டாரு. பழவேற்காட்டுல, அவங்க ஊட்டுலயே. ரெண்டு நாளு ஜுரமாம்" என்றான். நான் அவன்மேல் எரிந்து விழுந்தேன். "இன்னா பேசற நீ? போன மாசம் பாத்தேன், குத்துக்கல்லாட்டம் இருந்தாரு" என்று சத்தம் போட்டேன். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்புறம்தான் நம்பினேன்.

ஹபீப் பாயை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதராஸிலிருந்து நெல்லூர் வரைக்கும் சாலை நெடுக அவரை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது, தராசுத் தட்டு பாய் என்றால் தெரியும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அதில் அவருடைய வேலையும் மானமும் ஒரு காலைப் பொழுது முழுக்க ஊசலாடின. அழலாம் என்று உட்கார்ந்தால் இந்த மனிதரின் நினைவு சிரிக்க வைக்கிறது. ஆகவே சிரித்தபடியே எழுதிவிடுகிறேன்.

ஆந்திரம் தனி மாநிலமான பிறகு, நெடுஞ்சாலையில் எளாவூர்ப் பக்கம் தானிய லாரிகளை நிறுத்திப் பார்க்கும் சாவடி ஒன்றில் நாங்கள் இருவரும் குமாஸ்தாக்களாக இருந்தோம். ஓட்டுக் கொட்டகை, சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கட்டை, அதைத் தூக்கி இறக்க ஒரு காவலாள், அவ்வளவுதான். பாய் பழவேற்காட்டுக்காரர். அவர் வீட்டில் எல்லோருக்கும் ஜவுளி வியாபாரம். இவருக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "நாம ஒரு வெல சொல்றோம், வாங்க வந்தவன் ஒரு வெல சொல்றான். அவன் சொல்றதுதான் நாயமாத் தோணுது வரதா, நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். இப்படிப்பட்டவர் சர்க்கார் வேலைக்கு வராமல் வேறு எங்கே போவார்?

எங்கள் வேலை பெரிய வித்தை இல்லை. மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுத்தால் அதன் குழிவில் கொஞ்சம் தானியம் வரும். சீட்டில் சோளம் என்று எழுதியிருந்தால், வந்ததும் சோளம்தானா என்று பார்த்துவிட்டு லாரியை விடவேண்டும். எடுத்ததைத் திரும்ப மூட்டைக்குள் போட எந்த டிரைவருக்கும் பொறுமை கிடையாது. அது ஒரு தகர டப்பாவில் சேர்ந்து பெருச்சாளிகளை வளர்த்துக்கொண்டிருந்தது. ஓர் ஐப்பசி மழையில் டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்து தானியமெல்லாம் முளைவிட்டது. பாய்க்கு மனசு கேட்கவில்லை. கோல் முறிந்து மூலையில் கிடந்த பழைய தராசிலிருந்து ஒரு தட்டைச் சங்கிலியோடு கழற்றினார். சாவடிக்கும் சாலைக்கும் நடுவே பப்பாளியும் முருங்கையும் வைத்து அவர் ஒரு சின்னத் தோட்டம் போட்டிருந்தார். அங்கிருந்த வேப்பமரக் கிளையில் தட்டைத் தொங்கவிட்டு, அன்றைய தானியத்தை அதில் கொட்டினார். பிறகு ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் காக்கைதான் வந்தது. அதற்கே பாயின் முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் சிட்டுக்குருவிகள், புறாக்கள், ஒரு கிளி ஜோடி. "இதுல பாக்கறதுக்கு இன்னா பாய் கீது?" என்று கேட்டேன். "காலைலேர்ந்து மனுசன் மூஞ்சியவே பாத்துக்கினு கீறோம். ஒவ்வொரு மூஞ்சியும் நம்மகிட்ட எதையோ மறைக்குது. இதுங்க வருது, துன்னுது, போவுது. கண்ணுக்குக் குளிர்ச்சியா இல்ல?" என்றார். எனக்கு ஒரு குளிர்ச்சியும் தெரியவில்லை. புதுவாயல் கடையிலிருந்து நாஷ்டா வர நேரமாகிறதே என்ற கவலைதான் இருந்தது.

கார்த்திகை பிறந்து பனி இறங்கியதும் வெளியூர்ப் பறவைகள் வர ஆரம்பித்தன. பாய்க்கு அவற்றில் ஒன்றின் பெயரும் தெரியாது. யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளவும் அவர் மெனக்கெடவில்லை, தாமே பெயர் வைத்துக்கொண்டார். தட்டுக்குக் கீழே வாலை ஆட்டி ஆட்டி நடந்து எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்த கறுப்பு வெள்ளைக் குருவிக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். பச்சையும் நீலமும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு வேலியோரம் சருகைக் கிளறிய ஆறுமணிக்குருவி புதுமாப்பிள்ளை. மார்கழியில் சோளக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கும். ரோஜா நிற உடம்பு, கறுத்த தலை, ஓயாத கூச்சல். இடம் பிடிக்க ஒன்றையொன்று தள்ளி, சிந்திச் சிதறி, வயிறு முட்டத் தின்றுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் சம்பந்தி ஊட்டுக்காரங்க.

எனக்குப் பறவை என்றால் ஒரே கேள்விதான் வரும். "பாய், இந்தப் புதுமாப்பிள்ளை கொழம்புக்கு ஆவுமா?" என்று ஒரு நாள் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்னெப் பாத்து ஒருத்தன் அப்டிக் கேட்டா, வெறும் எலும்புதான் தேறும்னு நான் சொல்லவேண்டி இருக்கும். சும்மா இரு" என்றார். நான் அப்போது அவ்வளவு ஒல்லி.

அந்தப் புதுமாப்பிள்ளை ஒரு பெருமழை நாளில் தொப்பலாக நனைந்து, அலுவலகத்துக்குள்ளேயே வந்து என் மேசைக்கு அடியில் ஒண்டிக்கொண்டது. "கால நீட்டாத வரதா" என்றார் பாய். நான் நாற்காலிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். லாரிகளை ஹாரன் அடிக்காமல் வரச்சொல்லக் காவலாளை வெளியே நிறுத்தினார். பெரிய மீசை வைத்த டிரைவர்கள் எல்லாம் பூனை மாதிரி அடிவைத்து உள்ளே வந்து, சீட்டை நீட்டி, கிசுகிசு என்று பேசிவிட்டுப் போனார்கள். மழை விட்டதும் அது வாசல் வழியாக நடந்தே வெளியே போயிற்று. என் கால் மரத்துப்போய், பாயின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

அந்தப் பனிக்காலத்தில் பாய்க்கு ஓர் ஆச்சரியம் ஏற்பட்டது. எவ்வளவு பறவை வந்தாலும் தட்டில் எப்போதும் தானியம் மிஞ்சியிருந்தது. "பாத்தியா வரதா, அடுத்து வர்றவனுக்கு மிச்சம் வெச்சிட்டுப் போவுதுங்க. நம்ம பந்தியில இந்த நாகரிகம் உண்டா?" என்பார். நானும் நம்பினேன். லாரி வந்து நிற்கும்போது நாங்கள் குனிந்து சீட்டு எழுதிக்கொண்டிருப்போம். தோட்டத்தில் அப்போது என்ன நடக்கிறது என்று பார்க்க எங்களுக்கு ஏது கண்?

தையில் பாயின் மகள் ஜமீலாவுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நாணயத்துக்குப் பேர்போனவர்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மார்கழிக் காலையில் ஜீப் வந்து நின்றது. மேலதிகாரி இறங்கினார், வணக்கத்தைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. "தட்டு வைத்து லாரிக்காரர்களிடம் தானியம் வசூல் பண்றீங்களாமே, யார் குடுத்த தைரியம்?" என்று கேட்டார். லாரியில் கூடவே வந்த வியாபாரி எவரோ பார்த்துவிட்டு மேலே சொல்லியிருக்கிறார். பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வசூலா? அது குருவிக்கு சார்" என்றார். அதிகாரி சிரிக்கவில்லை.

சரியாக அப்போதுதான் வெங்கடேசு வந்து சேர்ந்தான். லாரியை நிறுத்தி இறங்கினான். மடியிலிருந்து ஒரு பிடி சோளத்தை எடுத்தான். நேராக வேப்பமரத்துக்குப் போய், தட்டில் பக்தியோடு போட்டுவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தான்.

"யார் உன்னைப் போடச் சொன்னது?" என்றார் அதிகாரி.

"யாரும் சொல்லல நைனா. தராசுத் தட்டு தொங்குதே, சர்க்கார் தட்டுதான? எல்லா லாரியும் போடுது, நானும் போடறேன். போடலன்னா கட்டயத் தூக்கமாட்டாங்கன்னு ரோட்டுல பேசிக்கிறாங்க" என்றான் வெங்கடேசு. ஏதோ தனக்குப் பாராட்டு வரப்போகிறது என்ற முகத்தோடு நின்றான்.

பாயின் முகம் வெளுத்துப்போயிற்று. பறவைகளின் நாகரிகத்துக்குக் காரணம் எங்கள் இருவருக்கும் அப்போதுதான் விளங்கியது.

"சாயங்காலம் இதை அள்ளிக்கொண்டு போவது யார்?"

"யாரும் அள்றதில்ல சார். அதுங்கதான் துன்னுது."

"யார் சாட்சி?"

நான் வாயைத் திறந்தேன். பாய் கையைக் காட்டி அடக்கினார். "சார், நான் சொல்றதும் இவன் சொல்றதும் செல்லாது. நீங்களே உக்காந்து பாருங்க. அதுங்க வரும்."

"வரவில்லை என்றால்?"

"வரலன்னா ஹபீப் திருடன்னு எழுதிக்கினு போங்க."

இந்த மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று நினைத்தேன். பெண்ணின் கல்யாணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேலையைக் கொண்டுபோய்க் குருவியிடம் அடகு வைக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. அதிகாரியும் விடாக்கண்டர். ஜன்னலோர நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வெங்கடேசுவும் சாட்சியாகத் தரையில் உட்கார வைக்கப்பட்டான். "இன்னா பேஜாராப் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

ஒன்றும் வரவில்லை. ஜீப் சத்தத்தில் எல்லாம் போய்விட்டிருந்தன. விரட்டினாலும் போகாத காக்கையைக்கூடக் காணோம். வெயில் ஏறியது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் என் குலதெய்வத்தையும் பாயின் ஆண்டவனையும் சேர்த்துக் கும்பிட்டேன். கடைசியில் வந்தது இன்ஸ்பெக்டர். வாலை ஆட்டிக்கொண்டு தட்டின் கீழே ஒரு சுற்று நடந்தது. ஒரு மணியைக்கூடத் தொடாமல் பறந்துபோயிற்று. மைக்கூட்டை எடுத்து வீசலாமா என்றிருந்தது எனக்கு.

"அது தானியம் துன்னாது சார், மேற்பார்வைக்கு மட்டும்தான் வரும்" என்றார் பாய்.

"அதற்கு என்ன பெயர்?"

பாய்க்குப் பொய் வராது. கொஞ்சம் தயங்கி, "இன்ஸ்பெக்டரு சார்" என்றார். அதிகாரியின் கழுத்து சிவந்தது. சரி, இத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது வடக்கே ஒரு சத்தம் கேட்டது. புளியந்தோப்பின் மேல் ஒரு மேகம் திரும்பி, சாய்ந்து, அப்படியே எங்கள் வேப்பமரத்தில் வந்து கொட்டியது. கிளையெல்லாம் ரோஜா நிறம். தட்டு தள்ளாடியது, சங்கிலி கிறீச்சிட்டது. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி நின்று தின்றன. சோளம் நாலா பக்கமும் தெறித்தது. சிந்தியதற்குக் கீழே தனிச் சண்டை நடந்தது. நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்தோம். பிறகு ஒரே வீச்சாக எழுந்து ஏரிப் பக்கம் போய்விட்டன. அதிகாரி எழுந்து மரத்தடிக்குப் போனார். தட்டுக்குள் கையைவிட்டுத் தடவிப் பார்த்தார். உமிதான் கையில் ஒட்டியது.

"இவங்களுக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?"

"சம்பந்தி ஊட்டுக்காரங்க சார்."

அதிகாரி சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டார். "நானும் ரெண்டு பெண்ணைக் கட்டிக்கொடுத்தவன்யா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்காதவன் வெங்கடேசு ஒருவன்தான். "அப்ப இத்தினி நாளா நான் குருவிக்கா மாமூல் குடுத்துக்கினு இருந்தேன்?" என்றான்.

தட்டு யாருக்கு என்று எழுதி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டு அதிகாரி கிளம்பினார். 'இது பறவைகளுக்கு. டிரைவர்கள் எதுவும் போடக் கூடாது' என்று பாய் தம் கையாலேயே பலகை எழுதி மரத்தில் மாட்டினார். அதன் பிறகுதான் தொல்லை பெருகியது. பயந்து ஒரு பிடி போட்டவர்கள் இப்போது ஆசைப்பட்டு இரண்டு கையாலும் போட்டார்கள். பாய் ஓடிப்போய்த் தடுத்தால், "எனக்குப் படிக்கத் தெரியாது பாய்" என்று இளித்தார்கள். கடைசியில் தட்டைக் கொட்டகையின் பின்பக்கம் கொண்டுபோய், சுற்றி முள்வேலியும் போட்டார். பெயர் மட்டும் சாலையெல்லாம் ஓடிவிட்டது.

ஜமீலாவின் நிக்காஹ் குறித்தபடி நடந்தது. வெங்கடேசு ஒரு மூட்டைச் சோளத்தைத் தோளில் சுமந்துகொண்டு பந்தல் வாசலுக்கே வந்துவிட்டான். "தூக்குடா அத, திரும்பவும் ஜீப்பு வந்துடப் போவுது" என்று பாய் பதறியதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்தார்கள். கதை முழுவதும் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. பந்தி முடிந்து இருவரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, என் வயிற்றில் கிடந்த கேள்வியைக் கேட்டேன். "பாய், அன்னிக்கு அதுங்க வராமப் போயிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "நாளைக்கும் வந்து உக்காருங்க சார்னு சொல்லியிருப்பேன்" என்றார். "ஒரு நாளு பாத்துட்டா ஒருத்தனத் திருடன்னு முடிவு பண்ணிடறது?"

இப்போது நான் திருவள்ளூரில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். இவன் எடுத்தான், அவன் வாங்கினான் என்று என் மேசைக்குப் புகார்கள் வருகின்றன. மற்றவர்கள் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு மேலே தள்ளிவிடுகிறார்கள். நான் அந்த ஆள் வேலை செய்யும் இடத்துக்குப் போய் எதிரே உட்காருகிறேன். ஒன்றும் விளங்கவில்லை என்றால் மறுநாளும் போகிறேன். இதனால் மந்தம், இவனிடம் போனால் காரியம் நகராது என்று ஆபீசில் எனக்குப் பெயர். ஹபீப் பாயிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தக் கெட்ட பெயர்தான். ஓய்வு பெறும்வரை அதை நான் காப்பாற்றுவேன்.