சத்தம் வராத வெடி

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது இது. பக்கத்துக் கம்பெனியில் ஓர் அறை வெடித்தபோது கூப்பிடு தூரத்திலிருந்த எங்கள் வீட்டில் அடுக்களைப் பாத்திரமெல்லாம் உருண்டது. உயிர்ச்சேதம் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. நான்கு வயது மகள்தான் காதைப் பொத்திய கையை எடுக்கவில்லை. அதன் பிறகு கதவு அடித்தால்கூடக் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கினாள். என் மனைவி ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள்.

"அந்த வேலைய விட்டுட்டு வாங்க. இல்ல, நாங்க போறோம்."

எனக்கு வேறு என்ன வேலை தெரியும்? வீம்பும் கொஞ்சம் இருந்தது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விருதுநகரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு அறை வாடகை வீட்டில் எனக்கு ஓர் அறை போதும் என்றானது, பிறகு ஒரு மூலை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். சொல்ல வெட்கம்தான், ரேடியோவில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறுதோறும் விருதுநகர் பஸ் ஏறுவேன். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் வெடிமருந்தின் அலுமினியப் பொடி மினுங்கும். அதைக் கண்டால் மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். மனைவி "சாப்பிட்டீகளா?" என்பாள், அதோடு சரி. பிள்ளை ஒரு தடவை மடியில் வந்து உட்கார்ந்தால் போதும் என்று ஏங்கிக் கிடந்தேன்.

ஒரு ஞாயிறு, பின்வாசல் துவைகல்லருகே உட்கார்ந்து நகத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையத்துக்குள் மெல்லிய சோப்புப் படலம் நின்றது. கல்லூரியில் படித்த பரப்பு இழுவிசை ஞாபகம் வந்தது. தண்ணீருக்குத் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்வதில்தான் நிம்மதி, மூலைக்குப் போன என்னை மாதிரி. சோப்பு சேர்ந்தால் அந்த இழுப்பு தளர்ந்து, ஊதினால் விரிந்துகொடுக்கும். பப்பாளி இலைத் தண்டை ஒடித்து ஊதினேன். ஊதின மூச்சில் கொஞ்சம் அந்தத் தோலில் ஆற்றலாகத் தங்கும். உடைந்தால் வெளியே வருவது அம்புட்டுத்தான். ஓர் எறும்பைக்கூட அது அசைக்காது.

குமிழி கதவைப் பார்த்து மிதந்தது. மகள் வெளியே வந்தாள். இரண்டு காதையும் பொத்தி, கண்ணை இடுக்கிக்கொண்டு, திரி பற்றிய வெடிக்கு ஒதுங்குவதுபோல ஒருக்களித்து நின்றாள்.

"அப்பா, வெடிக்கப் போகுது. தள்ளிப் போங்க."

அத்தனை வாரத்தில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. குமிழி உடைந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"வெடிச்சிருச்சா?"

தலையாட்டினேன். அவள் நம்பவில்லை, இன்னொன்று ஊதச் சொன்னாள். மூன்றாவது குமிழிக்கு ஒரு காதிலிருந்து கையை எடுத்தாள். ஏழெட்டுக்குப் பிறகு மடியில் ஏறி உட்கார்ந்து தண்டைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் தலைமுடியில் சீயக்காய் வாசம் அடித்தது.

"அப்பா, நீங்க இந்த வெடி செய்ற கம்பெனிக்குப் போங்க. நாங்க அங்கன வந்து இருந்துக்கிறோம்."

கையில் கரண்டியோடு மனைவி வாசலில் நின்றிருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்தாள். நான் தண்டை வாங்கிச் சோப்புத் தண்ணீரில் முக்கி, இன்னொரு குமிழி ஊதினேன். தீபாவளிச் சீசன் நேரம், மறுநாள் காலையில் கம்பெனியில் லோடு ஏற்ற வேண்டும். மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.