உருட்டி வந்த சைக்கிள்

கூரியர்காரர் ஒருவர் தெருவில் பைக்கை உருட்டிக்கொண்டு வருகிறார். உட்கார்ந்திருந்த நான் எழுந்துவிடுகிறேன்.

சீனச் சண்டை நடந்தபோது சாயல்குடியில் எங்கள் தெருவில் நான்கு வீட்டு ஆண்கள் பட்டாளத்தில் இருந்தார்கள். அம்மாவும் மற்ற மூன்று பெண்களும் எங்கள் வீட்டிலேயே சேர்ந்து உலை வைத்தார்கள். பிள்ளைகள் நாங்கள் ஒரே பாயில் தூங்கினோம். பக்கத்து வீட்டு செபஸ்தியம்மா அத்தை தந்திக்காரரிடம் சொல்லி வைத்திருந்தாள்: "நல்ல சேதின்னா பெல்லடிச்சுக்கிட்டு வாங்கண்ணே. கெட்டதுன்னா சைக்கிள உருட்டிட்டு வாங்க, நாங்க கூடிக்கிறோம். ஒருத்தி தனியா நின்னு கேக்கக் கூடாது."

ஒரு மத்தியானம் அவர் உருட்டிக்கொண்டு வந்தார். நான்கு பேரும் எங்கள் வாசலில் கைகோத்து நின்றார்கள். யார் முகத்தைப் பார்ப்பாரோ என்று நால்வரும் அவர் கண்ணையே பார்த்தார்கள். இடுப்புப் பிள்ளைகூட அழவில்லை.

அவர் பதறிப்போனார். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல தாயி. முள்ளுக் குத்தி பஞ்சராயிருச்சு. சொன்னத மறந்து இந்தத் தெருவுக்குள்ள வந்துட்டேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை மட்டும் கையை விடுவித்துக்கொண்டு போய், குனிந்து, டயரை அமுக்கிப் பார்த்தாள்.

நானும் இப்போது ஜன்னலில் எட்டி, அந்த பைக்கின் டயரைத்தான் பார்க்கிறேன்.