பெருமாள் தீர்த்தமும் பயறு விதையும்

பெரியப்பாவின் தோட்டப் பத்திரிகையைத் தெரிந்தவர்கள் இப்போது எத்தனை பேர் இருப்பார்களோ, பகவானுக்குத்தான் வெளிச்சம். எங்கள் தாத்தா கையால் எழுதிப் பிரதி எடுத்துத் தொடங்கியது அது. பெரியப்பா கைக்கு வந்தபின் சாலைக் கடைவீதியில் அச்சாகி, நாகர்கோவில், செங்கோட்டை வரைக்கும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு இதழின் அட்டைக்குள்ளும் ஒரு விதைப் பொட்டலம் இருக்கும். கிழக்கேகோட்டை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து குழந்தைகள் நாங்கள்தான் மடித்து ஒட்டுவோம். அதற்குமுன் விதைத் தட்டைப் பெருமாள் படத்தடியில் வைப்பார்கள். மேலே ஒரு துளசி இலை, அவ்வளவுதான். சொட்டுத் தண்ணீர் படப் பெரியப்பா விடமாட்டார்.

அந்தக் கர்க்கடக மாதத்து அடைமழையில் அவர் படுத்த படுக்கையாகிவிட்டார். ஆஸ்பத்திரியிலும் வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். சந்தாதாரர்களும் தேய்ந்து போயிருந்தார்கள். இந்த ஒரு இதழ் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பெரியம்மா என்ன செய்வாள், பாவம். "பெருமாளே, இது நல்லபடியாப் போய்ச் சேரணும்" என்று கும்பிட்டு, பயறு விதைத் தட்டில் தீர்த்தத்தைப் பாத்திரத்தோடு சரித்துவிட்டாள். ஈரம் காயுமுன் நாங்கள் மெழுகுத் தாளில் மடித்து ஒட்டினோம். மறுநாள் ஹர்த்தால், அதற்கடுத்த நாள் ஞாயிறு. இதழ்க் கட்டுகள் கூடத்திலேயே கிடந்தன.

திங்களன்று தபாலில் சேர்க்க ஒரு கட்டைத் தூக்கிய அப்பா, "அய்யோ மன்னி, இதென்னது!" என்றார். தாளைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாய் முளைகள். அட்டையெல்லாம் ஊறிக் குழைந்திருந்தது.

பெரியம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஏன்னா, நானே கெடுத்துட்டேனே."

பெரியப்பா சிரித்தார். "விதை முளைக்கலைன்னு எத்தனை பேர் வைதிருக்கா! இப்போ முளைச்சதுக்குப் போய் அழறயே. கொல்லையிலே நட்டுடச் சொல்லு, கேட்டியா."

"மறுபடி அச்சடிச்சுடலாம் அண்ணா" என்றார் அப்பா. பெரியப்பா வேண்டாமென்று கையை மட்டும் அசைத்தார்.

மழையில் நனைந்துகொண்டே நட்டோம். எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். மண் கையோடு ஓடிவந்து, "அடுத்த மாசம் என்ன விதை பெரியப்பா?" என்று கேட்டேன். அவர் பெரியம்மாவைப் பார்த்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீயே சொல்லேண்டி, அதையே வெச்சுடலாம்" என்றாள்.

"பூசணி" என்றேன்.

"பேஷ்" என்று பெரியப்பா என் தலையில் கை வைத்தார்.

பத்திரிகைக்கு விதை சொல்லிவிட்ட பெருமையில் அன்று முழுக்கத் தெருவில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு மாமி மட்டும் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். பூசணி அவளுக்கு அவ்வளவு பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.