ஐந்து கட்டங்களிலும் டிக்

லோகேஸ்வரியிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மென்பொருளைச் சோதிக்கச் சொன்னால் உண்மையாகவே சோதித்துவிடுவாள். ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த அவளுடைய கம்பெனிக்கு இது வேண்டாத வேலை. அங்கே சோதனைப் படிவத்தின் ஐந்து கட்டங்களிலும் டிக் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன். நேரத்தை மிச்சப்படுத்த முதலாளி சிவநேசன் செய்த ஏற்பாடு அது. சோதிப்பவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

இந்த முறை அவர்கள் செய்தது பத்து காவான் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலை ஒன்றின் பேருந்துக்கான செயலி. தொழிலாளி காலையில் கைப்பேசியில் 'வருகிறேன்' என்று அழுத்த வேண்டும். அழுத்தியவர் பெயர் ஓட்டுநரின் திரையில் தெரியும். தெரியாவிட்டால் வண்டி நிற்காது. இந்தச் செயலியை எழுத உதவிய ஃபிரேம்வொர்க்கை விற்றவன் ஹாஃபிஸ். ஒருமுறை எழுதினால் எந்தக் கருவியிலும் ஓடும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தான். அலுவலகத்தில் இருந்த அத்தனை கணினியும் விண்டோஸ். அதில் ஜோராக ஓடியது. ஆகவே எல்லாவற்றிலும் ஓடுகிறது என்று முடிவாயிற்று.

லோகேஸ்வரி சும்மா இருக்கவில்லை. கெப்பாலா பத்தாஸ் ஃபிளாட்டில் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி காமாரியா. அந்தப் பேருந்தில்தான் வேலைக்குப் போகிறாள். காமாரியாவின் பழைய ஆண்ட்ராய்டில் செயலியைப் போட்டு அழுத்தினால் 'நன்றி' என்று வந்தது. ஓட்டுநர் திரையில் ஒன்றுமே வரவில்லை. சிவநேசனின் ஐபோனில் அந்த நன்றிகூட இல்லை, வெறும் வெள்ளைத் திரை.

“ஓப்பன் ஆவுதுல்ல? அதான் சப்போர்ட். வேலை செய்யறது அடுத்த வெர்ஷன்ல வரும்லா,” என்றான் ஹாஃபிஸ், கொஞ்சமும் கூசாமல்.

“சைன் வச்சிடு லோகா. உன் காண்ட்ராக்ட் பேப்பரும் என் மேசைலதான் இருக்கு,” என்றார் சிவநேசன்.

அந்த மாதத்தோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. பயமாகத்தான் இருந்தது, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் அவள் கையெழுத்துப் போட்டால் காமாரியா தெருவில் நிற்பாள். மூன்றாம் நாள் முதலாளியின் அறைக்குள் போனாள்.

“வைக்கிறேன் பாஸ். வெள்ளோட்டத்தன்னிக்கி நீங்களும் ஹாஃபிஸும் அந்த பஸ்லயே வாங்க. காமாரியா அக்கா ஏறுற எடத்துல ஏறுவோம். ஏறிட்டா உள்ளயே சைன் வச்சித் தரேன்.”

இவ்வளவுதானா என்று சிவநேசன் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

வெள்ளோட்ட நாள் காலை கெப்பாலா பத்தாஸில் நால்வரும் நின்றார்கள். சிவநேசனின் கார் ஓரமாக நின்றது. ஹாஃபிஸ் அழுத்தினான், நன்றி வந்தது. காமாரியா அழுத்தினாள், அவளுக்கும் நன்றி வந்தது. சிவநேசன் வெள்ளைத் திரையைத் தடவிக்கொண்டிருந்தார். பேருந்து வந்தது, வேகத்தைக் குறைக்காமல் போயே போய்விட்டது. உள்ளே ஒரு தலைகூட இல்லை. முந்தைய நிறுத்தங்களிலும் எல்லாரும் நன்றியை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டிருக்கிறார்கள்.

“ஏழு மணிக்குள்ள கார்டு அடிக்கணும் தம்பி,” என்றாள் காமாரியா சிவநேசனிடம். அழுதுவிடுவாள் போலிருந்தது. எல்லாரும் காரில் ஏறினார்கள். பின்சீட்டில் லோகேஸ்வரி படிவத்தை எடுத்து நான்கு டிக்குகளைக் கோடு போட்டு நீக்கினாள். விண்டோஸ்: சரி. மேக், லினக்ஸ்: பார்க்கவில்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன்: பயணி தெருவில் நிற்கிறார். கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தொழிற்சாலை வாசலை அடைந்தபோது மணி ஏழு பத்து. காமாரியா கதவைச் சாத்தக்கூட நிற்காமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

“பஸ்ஸு கரெக்ட் டைமுக்கு வந்திருச்சி சார், சிஸ்டம் நல்லா இருக்கு. ஆளுங்கதான் யாரும் வரல,” என்றார் காவலாளி.

சிவநேசன் காமாரியா ஓடி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்பக்கம் கையை நீட்டினார்.

“அந்தப் பேப்பரக் குடு லோகா.”

வாங்கிப் படித்தவர் கிழிக்கவில்லை. அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.